ஜிப்பு செய்த நூல்கூடை

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. பேருந்து நிலையத்து மாடிப்படிக்குக் கீழே கடை போட்ட முதல் வருஷமே ஊர் அதை மறந்துவிட்டது. பெட்டி, பை பழுது பார்க்கிற கடை. சக்கரம் கழன்ற பெட்டி, இழுத்தால் வராத கைப்பிடி, வாயைப் பிளந்துகொண்டு பல்லிளிக்கிற பள்ளிக்கூடப் பை எல்லாம் அங்கே வரும். ஜிப்பு மாற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் 'ஜிப்பு' என்பதே பெயரானது. கோபம் வந்தால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நாள் கணக்கில் பேசமாட்டான். அதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் என்று அவன் மனைவி சொல்வாள்.

குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம் பொறாமை. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், இனி இவனுக்கு எங்கே என்று உறவுக்காரர்கள் கைகழுவிய பிறகு கிடைத்த மனைவி அவள். தாமதமாக வந்தது சீக்கிரம் போய்விடுமோ என்ற பயம் அவன் நெஞ்சுக்குள் எப்போதும் எலி போல ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. "அந்தம்மா குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று ஊரே சொல்லும். ஜிப்புவுக்கு அது கேட்கப் பிடிக்காது. தினமும் எத்தனை ஆண்கள் அவள் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார்கள் என்று யோசித்தாலே அவனுக்குச் சோறு இறங்காது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற ஒருவர் குரல் நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை அவள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். அந்த ரேடியோ அதற்குப் பிறகு ரிப்பேராகி, ரிப்பேராகியே கிடந்தது.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குள் தூண்டில் வந்தது.

ஆஸ்பத்திரியின் பின்வாசலைத் தாண்டினால் ஆறு. அகலமானது, ஆழமில்லை, கூழாங்கல் மேல் முட்டியளவு, சில இடங்களில் தொடையளவு, வேகமாக ஓடும். எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒருவர், வேலை இல்லாத நேரங்களில் அந்த ஆற்றுக்குள் இறங்கி நின்று தூண்டில் வீசுவார். அதில் புழு கிடையாது, தக்கை கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரியே கட்டிய சின்ன முள். அதன் பின்னால் தடித்த மஞ்சள் நூல். நூலின் கனத்திலேயே அது தலைக்கு மேல் முன்னும் பின்னும் பறந்து, தூரத்தில் போய்ப் பூச்சி உட்காருவதுபோல மெல்ல உட்காரும். லேப் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அவள், ஒருநாள் கீழே இறங்கிப் போய் "எனக்கும் சொல்லித் தாங்க சார்" என்று கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போக ஆரம்பித்தாள். தலைமுடி ஈரமாக, கன்னம் சிவந்து, பசியோடு வருவாள். ஜிப்பு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். பிடித்த மீனைத் திரும்பவும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தபோதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"பிடிக்கிறதுக்குத்தான்" என்றாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீல நிறக் கூடை ஒன்றோடு வந்தாள். பிளாஸ்டிக் தொட்டி மாதிரி, அகலமாக, இடுப்பில் கட்டிக்கொள்ள பட்டையும் பக்கிளும் வைத்தது. பால்கனிக் கம்பியில் அதை மாட்டினாள். தண்ணீர் சொட்டியது.

"இது என்ன?"

"நூல்கூடை. தண்ணியில நிக்கும்போது வயித்துக்கு முன்னாடி கட்டிக்கணும். வீசின நூலைக் கையால கொஞ்சம் கொஞ்சமா இழுப்போம்ல, அது இதுக்குள்ள விழும். இல்லேன்னா தண்ணி அடிச்சுட்டுப் போய்க் கால்ல சுத்திக்குது. போன வாரம் குப்புற விழப் பார்த்தேன்."

"யாருது?"

"சாரோடது. அவர்கிட்ட இன்னொண்ணு இருக்காம்."

"எந்த சார்?"

"எத்தனை சார் இருக்காங்க? எக்ஸ்ரே சார்."

அவள் குளிக்கப் போனதும் ஜிப்பு கூடையைக் கையில் எடுத்தான். அவன் கண் நேராகப் பட்டைக்குப் போனது. தொழில் புத்தி. நைலான் பட்டை பக்கிளுக்குள் ஈரத்தோடு இறுகி மடிந்தால், அங்கே ஒரு வரி விழும்; நாள்பட்டால் வெளுத்துப்போகும். பெல்ட்டைப் பார்த்தே இடுப்பைச் சொல்கிறவன் அவன். அந்தப் பட்டையில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று பழசு, வெளியே தள்ளி. அது ஓர் ஆணின் இடுப்பு. இன்னொன்று புதுசு, உள்ளே. அந்த இடுப்பை அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு கையகலம்கூட இல்லை. ஒரே பட்டை, இரண்டு பேரையும் சுற்றிப் பிடித்திருக்கிறது. அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டினாற்போல இருந்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது கேட்டான்: "அவரை அண்ணன்னு கூப்பிடலாமே நீ?"

"எதுக்கு?"

"ஒரு மரியாதைக்கு."

"சார்ங்கிறதுல என்ன மரியாதை குறைஞ்சுபோச்சு? எனக்கு மேல வேலை பார்க்கிறவர். திடீர்னு அண்ணேன்னா அவரே பயந்துடுவார்."

அதற்கப்புறம் மூன்று நாள் ஜிப்பு மூடியே கிடந்தது.

பக்கத்துக் கடைக்காரர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே ஊர்க்கதை கேட்பார். அவரிடம்தான் வாயைத் திறந்தான்.

"வீட்டுக்காரம்மா மேல சந்தேகமாப்பா?" என்றார் அவர்.

"சேச்சே. அவ மேல ஒரு துளி சந்தேகம் கிடையாது."

"அப்புறம் என்ன?"

"பொறாமைண்ணே."

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

"இல்லண்ணே. சந்தேகம்னா கேட்டுத் தீர்த்துக்கலாம். இது கேட்டாலும் தீராது."

வாட்ச்காரர் லென்ஸைக் கழற்றி அவனை ஒருமுறை பார்த்தார். "அப்போ நீயே ஒண்ணு செஞ்சு குடுத்துடு. நீ தெக்காத பெல்ட்டா?"

அது சுருக்கென்று பிடித்துக்கொண்டது. கடையின் மூலையில், சரிசெய்யக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் பெட்டிகள் ஒரு குன்று போலக் கிடந்தன. அதில் கையில் கொண்டுபோகிற அளவுச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை எடுத்தான். பூ மாதிரிக் கனம், ஏறி மிதித்தாலும் உடையாத ஓடு. ஒரு பாதியை மட்டும் தனியாகப் பிரித்து, விளிம்பை அரம்போட்டு வழவழப்பாக்கினான். வயிற்றுப் பக்கம் உறுத்தாமல் இருக்க, பழைய லேப்டாப் பையிலிருந்து பஞ்சுத் தகடு வெட்டி ஒட்டினான். பட்டைக்கு அளவு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான். ஆனாலும் நாடாவோடு வீட்டுக்குப் போனான்.

சமையலறையில் அவள் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நாடா இடுப்பைச் சுற்றியதும் நெளிந்து சிரித்தாள்.

"கூசுதுங்க. என்ன திடீர்னு?"

"அந்தக் கூடையைத் திருப்பிக் குடுத்துடு. நான் ஒண்ணு செய்றேன்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் உச்சந்தலையைக் குனிந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. "நல்லா இறுக்கமா நிக்கணும். ஆடக்கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

முதல் கூடை அவன் மானத்தை வாங்கியது. ஆற்றிலிருந்து அவள் கொண்டுவந்தபோது, உள்ளே நூல் முழுவதும் ஒரே உருண்டையாக, பூனை விளையாடிய கம்பளி நூல் மாதிரிக் கிடந்தது. அடிப்பாகம் வழுக்கியதால், விழுந்த நூலெல்லாம் சரிந்து ஒரு மூலையில் போய்க் குவிந்திருக்கிறது. அது போதாதென்று பெட்டியில் தண்ணீரும் நிறைந்துகொண்டதாம்.

"பிள்ளை பெறப் போறவ மாதிரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கரைக்கு வந்தேன்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் சாரோடதைத்தான் கட்டிக்கிட்டேன்."

இது போதாதா அவனுக்கு. நீலக்கூடையின் அடியில் சின்னச் சின்னக் கூம்புகள் நின்றதை அவன் பார்த்திருந்தான். அவற்றுக்கு நடுவே விழுந்தால் நூல் நகராது. ஆனால் அதையே பார்த்துச் செய்ய மனசு ஒப்பவில்லை. பெட்டிகளுக்கு அடியில் வைக்கிற ரப்பர்க் குமிழ்களைத் திருகிப் பார்த்தான். குட்டை, நூல் அவற்றின் மேல் ஏறிக் குதித்து ஓடியது. கடைசியில், ஒயர்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டை நினைவுக்கு வந்தது. ஓட்டில் ஊசித் துளை போட்டு, டையின் தலை வெளியே அடிப்பக்கமாக நிற்க, வாலை உள்ளே செங்குத்தாக ஏற்றி, விரல் நீளத்துக்கு நறுக்கினான். உள்ளே ஒரு சின்ன நாற்று வயல் மாதிரி வளைந்து நிமிரும் குச்சிகள். தண்ணீர் இறங்க முதலில் பெரிய ஓட்டைகள் போட்டான். அதன் வழியே நூல் வளையம் நழுவிக் கீழே தொங்கியது. அந்த ஓட்டைகளை உருக்கி அடைத்துவிட்டு, காய்ச்சிய ஊசியால் பொடிப் பொடியாகத் துளைத்தான். அந்த வாரம் வாடிக்கையாளர்களின் பைகள் வாய் பிளந்தபடியே காத்துக் கிடந்தன.

மொட்டை மாடியில் சோதனை நடந்தது. முள்ளுக்குப் பதில் நூல் முனையில் சிவப்புக் கம்பளித் துண்டைக் கட்டி அவள் வீசினாள். மூன்றாம் வீட்டம்மாள் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பைத் தாண்டி அது போய் விழுந்தது. இடது கையால் அவள் இழுக்க இழுக்க, நூல் குச்சிகளுக்கு நடுவே வளையம் வளையமாகப் படுத்துக்கொண்டது. திரும்ப வீசியபோது சிக்கில்லாமல் எழுந்து போனது.

"ஆத்துல எப்படி இருக்கும்னு தெரியலையே" என்றான் ஜிப்பு.

"வந்து பாருங்களேன். கரையில நின்னுக்கிட்டாப் போதும்."

அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீரோடு உறவை நிறுத்திக்கொண்டவன். ஆனால் பயத்தைவிடப் பொறாமை மூத்தது. போனான்.

எக்ஸ்ரேக்காரர் எப்படி இருப்பார் என்று இத்தனை நாளாக மனசுக்குள் படம் எடுத்து வைத்திருந்தான். வழுக்கை, தொப்பை என்று சமாதானமாகக் கொஞ்சம் சேர்த்தும் வைத்திருந்தான். நேரில் பார்த்ததும் முதல் அடி விழுந்தது. ஆள் அழகன். உயரம், நரைத்த கிருதா, ஆற்றிலிருந்து எழுந்து வருகிற தோரணையே தனி. அதற்கு மேல் பணிவு வேறு.

"வாங்கண்ணே. உங்களைப் பத்தி மேடம் நிறையச் சொல்லியிருக்காங்க" என்று ஈரக் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார்.

'அண்ணே' என்றது ஆறுதலாக இருந்தது. என்னை அண்ணன் என்றால் அவளை அண்ணி என்றல்லவா சொல்லவேண்டும், 'மேடம்' எங்கிருந்து வந்தது என்று அடுத்த நொடியே அந்த ஆறுதலில் ஓட்டை விழுந்தது.

இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். ஜிப்பு ஒரு பாறைமேல் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தான். சிரிப்பு வரும், கைகள் தொட்டுக்கொள்ளும், ஏதாவது ஒன்று மாட்டும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அவர் வளைவுக்கு மேலே போய் நின்றார், இவள் கீழே. சத்தம் போட்டால் மீன் ஓடிவிடுமாம். ஒரு வார்த்தை இல்லை, ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் ஏறி, பாறை சுட ஆரம்பித்தது.

அப்போதுதான் அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. எதையோ தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். இடது கை தன்பாட்டில் இழுத்தது, நூல் அவன் செய்த கூடைக்குள் தன்பாட்டில் விழுந்தது. கூடை ஆடவில்லை, தண்ணீர் தேங்கவில்லை, ஒரு சிக்கு இல்லை. அவன் ஜெயித்துவிட்டான். ஆனால் அவள் ஒருமுறைகூடக் கூடையைக் குனிந்து பார்க்கவில்லை. அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். அவன் பாறைமேல் இருப்பதையும். அந்த முகம் வீட்டில் அவனுக்குக் கிடைத்ததே இல்லை. ரேடியோக்காரனை ரிப்பேராக்கலாம், கூடைக்காரனைக் கூடையால் வெல்லலாம். ஓடுகிற தண்ணீரை என்ன செய்வது?

கரைக்கு வந்ததும் எக்ஸ்ரேக்காரர் கூடையைக் குனிந்து, அடியைத் தடவி, குச்சிகளை வளைத்துப் பார்த்தார்.

"அண்ணே, கடையில விக்கிறதெல்லாம் இது முன்னாடி நிக்காது. எனக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பையிலிருந்த நாடாவை எடுத்து அந்த இடுப்பை அளந்தான். வயிறு துளிகூடத் தொங்கவில்லை என்பது அன்றைக்கு இரண்டாம் அடி.

கடையில் அதே சாம்பல் நிற ஓட்டின் அடுத்த பாதி இருந்தது. கையில் எடுத்தவன் கீழே வைத்துவிட்டான். ஒரே பெட்டியின் இரண்டு பாதி, இரண்டு பேர் இடுப்பில், ஒரே ஆற்றில்! ஜோடிச் சட்டை போட்ட மாதிரி அல்லவா இருக்கும்? நினைக்கவே உடம்பு எரிந்தது. குன்றைக் கிளறினான். அடியில் குழந்தைகள் பெட்டி ஒன்று அகப்பட்டது. ரோஸ் நிறம், கண்ணைப் பறிக்கிற ரோஸ். முன்னால், தலையில் ரிப்பன் கட்டிய யானைக்குட்டி ஒன்று பல் தெரியச் சிரித்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. 'வேற ஓடு கிடைக்கலைன்னு சொல்லிக்கலாம்' என்று நினைத்தபோது, பல வாரத்துக்குப் பிறகு அவன் முகத்திலும் சிரிப்பு வந்தது. வேலையில் குறை வைக்கவில்லை. குச்சி, துளை, தையல் எல்லாம் முதல் தரம். யானை மட்டும் எடுப்பாக முன்னால்.

அடுத்த ஞாயிறு எக்ஸ்ரேக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். யானையின் ரிப்பனை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, "நிறம் மீனுக்கா தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டு, பக்கிளை 'டக்'கென்று மாட்டிக்கொண்டு, ராஜநடையில் ஆற்றுக்குள் இறங்கினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். தூண்டில் கையிலிருந்து நழுவாத குறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி, யானை சார்பில் தும்பிக்கை மாதிரிக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். அவள் இன்னும் சிரித்தாள். இரண்டு வருஷமாக ஒரே தண்ணீரில் ஊமைபோல நின்ற இரண்டு பேர், அன்று காலை முழுக்கப் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். மீன் எல்லாம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன், பாறைமேல் உட்கார்ந்து நெளிந்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வெடித்தான். "என்னோட என்னைக்காவது அப்படிச் சிரிச்சிருக்கியா நீ?"

"அந்த யானையை முதல்ல என்கிட்டக் காட்டியிருந்தா உங்களோட சிரிச்சிருப்பேன். அவர்கிட்டல்ல கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

 அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் அங்க போறது யாரையும் பார்க்க இல்லைங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் முன்னாடி வந்து உக்கார்ற ஒவ்வொருத்தரும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிறாங்க. குழந்தைங்க என் கோட்டைப் பார்த்தாலே அழுதுங்க. வாரத்துல ஒருநாள், யாரையும் குத்தாம, யாரும் பயப்படாம கொஞ்ச நேரம் நிக்கணும்னு இருக்கு."

"மீனைக் குத்துறியே?"

"அதுக்குத்தான் விட்டுடுறேன்ல" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேசினாப் புரியாது. ஒரு தடவை நீங்களே இறங்கி நின்னு பாருங்க."

எப்படித்தான் இறங்கினானோ, அடுத்த வாரம் இறங்கினான். அவள் கூடையை அவன் இடுப்பில் கட்டி, அவளுக்குப் பிடித்தமான இடத்திலேயே, பெரிய பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கையைப் பிடித்து வீசக் காட்டினாள். தண்ணீர் முட்டியைத் தள்ளியது. முதல் வீச்சு பின்னாலிருந்த புதரில் மாட்டியது. இரண்டாவது அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. இன்னொன்று எப்படியோ பத்தடி தள்ளி, துவைத்த துணி விழுவதுபோலத் 'தொப்'பென்று விழுந்தது. போதும்டா சாமி, கரையேறிவிடலாம் என்று நூலை அவசர அவசரமாகக் கூடைக்குள் இழுத்தான். நூல் பதிலுக்கு இழுத்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே கூச்சல். கூடையில் கிடந்த நூல் வளையம் வளையமாக எழுந்து சீறிக்கொண்டு ஓடியது. ஒரு வளையம்கூடச் சிக்கவில்லை. யானையும் தானுமாக எக்ஸ்ரேக்காரர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார். "விடாதீங்கண்ணே! கொஞ்சம் விட்டுப் பிடிங்க! கோலை நிமிர்த்துங்க!" கடைசியில் அவர் நீட்டிய கைவலையில் வந்தது முழங்கை நீளத்துக்கு, வெள்ளித் தகடு போல ஒரு மீன்.

"எனக்கே இந்த ஆத்துல இப்படி ஒண்ணு மாட்டினதில்ல" என்று அவர் அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

ஜிப்பு மனைவியைத் தேடினான். தொடையளவுத் தண்ணீரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிரித்தாள், அது சிரிப்பில்லை. உதட்டோரம் மட்டும் இழுத்துக் கட்டிய ஒன்று. மீனைத் தண்ணீரில் விட்டபோது, அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா வர்றவங்களுக்கு மாட்டும்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தாள். அவன் இரண்டு தரம் பேச்சுக் கொடுத்தான். 'ம்' என்ற ஒற்றை எழுத்துதான் வந்தது. வீட்டில் டீக் கிளாஸை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி டீ வெளியே குதித்தது.

"அது நான் பார்த்து வெச்ச இடம்" என்றாள் திடீரென்று. "அந்தப் பாறைக்கு அடியில ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும்."

ஜிப்பு அவளையே பார்த்தான். இந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கேட்டாலும் தீராமல் எரிகிறதே, அதேதான். ஐயோ பாவம் என்று முதலில் தோன்றியது. கூடவே, வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் பொங்கி வந்தது. தன்னைப் பார்த்தும் ஒருத்தி வயிறெரிகிறாள்!

"அதிர்ஷ்டம்தான்மா. எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீயை உறிஞ்சிவிட்டு, "நல்ல கனம்" என்றான்.

மறுநாள் அவன் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. தூண்டிலும் இல்லை. வேலை நாள், லேபுக்கு லீவு சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போயிருந்தாள். மதியம் தொப்பலாக நனைந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஜிப்பு எழுந்து போய்த் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

"வரலை" என்றாள் அவளே.

"வரும். எங்க போயிடப் போகுது?"

"வர்ற வாரம் நீங்களும் வாங்க. ஆனா அந்தப் பாறைப் பக்கம் வரக்கூடாது. எனக்குக் கீழதான் நிக்கணும்."

"சரி" என்றான்.

சாயங்காலம் கடையில் ஒரு பைக்கு ஜிப்பு தைத்துக்கொண்டிருந்தான். காலையில் எக்ஸ்ரேக்காரரும் ஆற்றுக்கு வந்திருந்தாரா என்று கேட்கவே இல்லையே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊசி பாதித் துணியில் நின்றது. அது எப்படி மறந்துபோனது என்று கொஞ்ச நேரம் ஆச்சரியமாக இருந்தது. பிறகு, பழைய இடத்தில், மெதுவாக எரிய ஆரம்பித்தது.